தவிட்டுத் தீனியும் ஈஸ்ட்டும்: குஞ்சுக்கு எது உதவும்?

(பண்ணை ஒலிபரப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



‘கோழி மிதித்துக் குஞ்சு முடமாகுமா?’ என்று நம் பெரியவர்கள் கேட்பார்கள். ஆகாதுதான். ஆனால் தீனி சரியில்லை என்றால் குஞ்சு முடமாகும். இதை நான் கல்லூரியில் படித்திருந்தேன். கண்ணால் பார்த்தது பூதப்பாண்டிப் பக்கம் ஒரு வீட்டுப் புறக்கடையில். பார்த்த அன்று வருத்தத்தோடு வெட்கமும் சேர்ந்துகொண்டது. காரணம், அதில் என் பங்கும் இருந்தது.

அதற்கு முன்னால் அந்த ஊரில் ஒரு கூட்டம். நெல்லைப் பற்றிப் பேசி முடித்துக் கிளம்பும்போது அந்த அம்மா கேட்டார்: “சார், ஐம்பது குஞ்சு வாங்கியிருக்கேன். மக்காச்சோளம் வாங்கிப் போட்டுக் கட்டுப்படியாகல்ல. மில்லுத் தவிடும் தேங்காப் புண்ணாக்கும் வீட்டிலேயே கெடக்கு. அதையே கூடுதலாப் போடலாமா?”

நான் வண்டியில் ஏறிக்கொண்டே, “கொஞ்சம் ஈஸ்ட் சேர்த்துக்கொண்டால் தவிட்டைக் கூட்டலாம் அக்கா” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். எந்த ஈஸ்ட், எவ்வளவு, எந்தத் தவிடு, குஞ்சுக்கு எத்தனை நாள் வயது, ஒன்றையும் கேட்கவும் இல்லை, சொல்லவும் இல்லை.

அவர் கடையில் போய் ஆப்பத்துக்குப் போடும் ஈஸ்ட் ஒரு சின்னப் பொட்டலம் வாங்கினார். தீனியில் பாதிக்கு மேல் தவிடு. அதன் மேல் தினமும் ஒரு சிட்டிகை ஈஸ்ட். நான் மறுபடி போனபோது குஞ்சுகளுக்கு மூன்று வாரம் முடிந்திருந்தது. இறகு சரியாக முளைக்கவில்லை. சில குஞ்சுகள் முழங்காலில் உட்கார்ந்து நகர்ந்தன. பாத விரல்கள் உள்பக்கமாகச் சுருண்டு, பொத்திய கைபோல இருந்தன. பதினொரு குஞ்சுகள் ஏற்கெனவே செத்துப்போயிருந்தன.

“நீங்க சொல்லித்தானே சார் போட்டேன்” என்றார். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அன்று வண்டியில் நின்றபடி சொல்லாமல் விட்டதை இன்று முழுதாகச் சொல்லிவிடுகிறேன்.

மாட்டு வயிறும் குஞ்சு வயிறும்

மாடு வைக்கோலைத் தின்று பால் தருகிறது. வைக்கோலை மாடு தானே செரிப்பதில்லை. அதன் பெருவயிற்றில் கோடி கோடியாகக் குடியிருக்கும் நுண்ணுயிர்கள்தான் நாரை உடைத்துக் கொடுக்கின்றன. அசைபோடவும், ஊறவைக்கவும், நாள் கணக்கில் வைத்திருக்கவும் அங்கே இடம் இருக்கிறது.

கோழிக்கு அந்த வசதி கிடையாது. கொத்திய தீனி கழுத்தடியில் உள்ள தீனிப்பையில் கொஞ்ச நேரம் நனைகிறது. பிறகு அரைவைப்பையில் அரைபடுகிறது. அப்புறம் குடல் வழியாகச் சில மணி நேரத்தில் வெளியே வந்துவிடுகிறது. நாரை உடைக்கும் செரிமானநீர் கோழியின் உடம்பில் சுரப்பதில்லை. குடலின் கடைசியில் இரண்டு குருட்டுக்குடல்கள் இருக்கின்றன. அங்கே நுண்ணுயிர்கள் கொஞ்சம் நாரைப் புளிக்கவைக்கும். வளர்ந்த கோழிக்கே இதனால் கிடைக்கும் பலன் குறைவு. பத்து நாள் குஞ்சுக்கு அந்த நுண்ணுயிர்க் கூட்டமே இன்னும் சரியாகக் குடியேறியிருக்காது.

இன்னொரு தொல்லையும் உண்டு. குஞ்சின் தீனிப்பை நெல்லிக்காய் அளவுதான். அதை நார் அடைத்துக்கொண்டால் மாவுச்சத்துக்கும் புரதத்துக்கும் இடம் ஏது? குஞ்சு வயிறு நிறையத் தின்னும், ஆனாலும் பட்டினியாகவே இருக்கும். ‘நல்லாத்தான் சார் தின்னுது, வளரத்தான் மாட்டேங்குது’ என்று நீங்கள் சொல்வது இதைத்தான்.

இந்திய தர நிர்ணய அமைப்பு கோழித் தீவனத்துக்கு அளவு வகுத்திருக்கிறது. முட்டைக் கோழிக் குஞ்சுகளின் தீவனத்தில் நார் 7 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. புரதம் 20 சதவீதம் இருக்க வேண்டும். எட்டு வாரத்துக்கு மேல் வளர்ந்த கோழிக்கு நார் 9 சதவீதம் வரை போகலாம். நாட்டுக்கோழிக் குஞ்சு இதைவிடக் கொஞ்சம் தாங்கும் என்றாலும், முதல் எட்டு வாரம் இந்தக் கணக்கை ஒட்டிப் போவதுதான் நல்லது.

நாரே கூடாது என்றும் நினைத்துவிடாதீர்கள். சற்றுக் கரடான நார் கொஞ்சம் இருந்தால் அரைவைப்பை வலுவாக வளரும். அளவு மீறினால்தான் தொல்லை.

எல்லாத் தவிடும் ஒன்றல்ல

நம் நாஞ்சில் நாட்டில் கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு பூ நெல் விளைகிறது. அறுவடை முடிந்ததும் மில்லில் தவிடு மலிவாகக் கிடைக்கும். தென்னை இருக்கும் ஊரில் தேங்காய்ப் பிண்ணாக்குக்குப் பஞ்சமில்லை. மக்காச்சோளமோ வெளி மாவட்டத்திலிருந்து வர வேண்டும். ஆகவே நம் கை தவிட்டுப் பக்கம் போவது இயற்கை. அதில் தப்பில்லை. ஆனால் என்ன தவிடு என்று பார்த்து வாங்க வேண்டும்.

பழைய ஹல்லர் மில்லில் உமியும் தவிடும் ஒரே இடத்தில் உடைந்து கலந்து விழும். உமியில் ஏறக்குறைய 40 சதவீதம் நார். அதோடு கண்ணாடிபோல் கீறும் மணல்சத்தும் உண்டு. உமி கலந்த அந்தத் தவிட்டில் நார் 20 சதவீதத்துக்கு மேல் போய்விடும். உமியைத் தனியாக நீக்கி, பிறகு அரிசியைத் தீட்டும் புது மில்லில் கிடைக்கும் நயம் தவிட்டில் நார் 7 முதல் 12 சதவீதம். இரண்டுக்கும் பெயர் தவிடுதான். குஞ்சுக்கு ஒன்று தீனி, இன்னொன்று பாரம்.

வீட்டிலேயே சோதிக்கலாம். ஒரு கிலோ தவிட்டை மாவு சலிக்கும் அரிப்பில் சலியுங்கள். மேலே நிற்கும் உமியை நிறுத்துப் பாருங்கள். 200 கிராமுக்கு மேல் நின்றால் அந்தத் தவிட்டை அப்படியே குஞ்சுக்கு வைக்காதீர்கள். சலித்து இறங்கியதை மட்டும் குஞ்சுக்கு வையுங்கள். நின்றதை மாட்டுக்கோ உரக்குழிக்கோ கொடுங்கள். உமியை மாவாக அரைத்துக் கலந்திருந்தால் அரிப்பில் தெரியாது. ஒரு சிட்டிகையை விரலிடையே தேய்த்துப் பாருங்கள். நயம் தவிடு எண்ணெய்ப் பசையோடு மெத்தென்று இருக்கும். உமி கலந்தது நறநற என்னும்.

தவிட்டின் மணத்தையும் பாருங்கள். பச்சரிசித் தவிட்டில் உள்ள எண்ணெய் சில நாளிலேயே கெட ஆரம்பிக்கும். காறல் வாடை வந்த தவிட்டைக் குஞ்சு தொடாது. தொட்டாலும் உடம்புக்கு ஆகாது. புழுங்கல் நெல்லின் தவிடு சற்றுக் கூடுதல் நாள் தாங்கும். எதுவானாலும் ஒரு வாரத் தேவைக்கு மேல் வாங்கிக் குவிக்க வேண்டாம்.

ஒரு சின்னக் கணக்கு

பூதப்பாண்டி அம்மா வைத்த தீனியை 10 கிலோவுக்குக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். உமி கலந்த தவிடு 5 கிலோ, தேங்காய்ப் பிண்ணாக்கு 2 கிலோ, குறுணை அரிசி 3 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தவிட்டில் 8 சதவீதம் புரதம், 20 சதவீதம் நார். பிண்ணாக்கில் 21 சதவீதம் புரதம், 12 சதவீதம் நார். குறுணையில் 8 சதவீதம் புரதம், 1 சதவீதம் நார். கூட்டினால் 10 கிலோவில் புரதம் 1 கிலோ 60 கிராம், நார் 1 கிலோ 270 கிராம். அதாவது புரதம் 10.6 சதவீதம், நார் 12.7 சதவீதம். குஞ்சுக்கு வேண்டிய புரதத்தில் பாதிதான் இருக்கிறது. நாரோ ஏறக்குறைய இரண்டு மடங்கு.

இதில் சிட்டிகை கணக்கெல்லாம் வேண்டாம், தாராளமாக 300 கிராம் உலர்ந்த ஈஸ்ட் சேர்ப்போம். ஈஸ்ட்டில் 45 சதவீதம் புரதம் இருக்கிறது. அதனால் கூடுவது 135 கிராம் புரதம். இப்போது மொத்தப் புரதம் 11.6 சதவீதம், நார் 12.4 சதவீதம்.

பாருங்கள், தீனி ஏறக்குறைய இருந்த இடத்திலேயே நிற்கிறது. ஈஸ்ட் வாங்கிய காசுதான் போயிற்று. தீனியின் அடித்தளம் சரியில்லாதபோது மேலே எதைத் தூவினாலும் நிலைமை இதுதான்.

ஈஸ்ட் என்ன செய்யும்?

ஈஸ்ட் கண்ணுக்குத் தெரியாத ஒரு நுண்ணுயிர். பூஞ்சைக் குடும்பத்தைச் சேர்ந்தது. ரொட்டியை உப்பவைப்பதும் இதுதான். முன்பு நம் வீடுகளில் ஆப்ப மாவு புளிக்கக் கள் ஊற்றுவார்களே, அந்தக் கள்ளில் வேலை செய்ததும் இந்த இனந்தான். தமிழ்நாட்டில் 1987 முதல் கள் இறக்கத் தடை இருப்பதால் இப்போது எல்லாரும் கடை ஈஸ்ட்டையே வாங்குகிறார்கள்.

ஆப்ப மாவில் அது என்ன செய்கிறது? சர்க்கரையைத் தின்று வாயு விடுகிறது. மாவு பொங்குகிறது. மாவில் ஒரு பிடி உமியைப் போட்டு வைத்தால் விடிந்தபின் உமி உமியாகவே கிடக்கும். நாரை உடைக்கும் திறமை ஈஸ்ட்டுக்குக் கிடையாது. தவிட்டை ஈஸ்ட் போட்டு இரவெல்லாம் ஊறவைத்தாலும் நார் குறையாது. அதிலுள்ள கொஞ்சம் சர்க்கரைதான் குறையும். ஊறிய தீனியை மறுநாள் சாயங்காலம் வரை வைத்திருந்தால் நம் ஊர் ஈரக் காற்றில் பூஞ்சாணமும் பிடித்துக்கொள்ளும்.

அப்படியானால் ‘ஈஸ்ட் நாரைச் செரிக்க உதவும்’ என்ற பேச்சு எங்கிருந்து வந்தது? அது மாட்டுத் தீவனத்திலிருந்து வந்தது. மாட்டின் பெருவயிற்றில் உயிருள்ள ஈஸ்ட் போய்ச் சேர்ந்தால், அங்கே நுழையும் சிறிதளவு பிராணவாயுவை அது எடுத்துக்கொள்கிறது. பிராணவாயு ஆகாத, நாரை உடைக்கும் நுண்ணுயிர்களுக்கு அது வசதியாகிறது. மாட்டுக்கு இது உண்மை. நான் படித்திருந்ததும் மாட்டைப் பற்றித்தான். அதைக் குஞ்சுக்கு எடுத்துச் சொன்னதில்தான் நான் தவறினேன். குஞ்சுக்குப் பெருவயிறு கிடையாதே!

குஞ்சுக்கு ஈஸ்ட் வேறு இரண்டு வழிகளில் உதவுகிறது. ஒன்று, அது நல்ல உணவு. இரண்டு, அது குடலுக்குக் காவல். முதலில் உணவைப் பார்ப்போம்.

சுருண்ட விரலும் ஒரு பழைய கதையும்

கோழிக்கும் தவிட்டுக்கும் ஈஸ்ட்டுக்கும் உள்ள உறவு ஏறக்குறைய 130 ஆண்டுப் பழசு. இன்றைய ஜகார்த்தா அப்போது பட்டேவியா என்ற டச்சுக்காரர் ஊராக இருந்தது. அங்கே கிறிஸ்டியான் எய்க்மன் என்ற மருத்துவர் 1890-களில் பெரிபெரி நோயை ஆராய்ந்துகொண்டிருந்தார். அவருடைய ஆய்வுக்கூடத்துக் கோழிகள் திடீரென்று கால் துவண்டு விழுந்தன. விசாரித்தபோது, அவற்றுக்குத் தீட்டிய வெள்ளையரிசிச் சோறு போட்டது தெரிந்தது. தவிடு போகாத அரிசிக்கு மாற்றியதும் கோழிகள் எழுந்து நடந்தன. அந்த ஆராய்ச்சிக்காக 1929-ல் எய்க்மனுக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. இடையில் 1912-ல் காசிமிர் ஃபங்க் என்ற அறிஞர் இப்படிப்பட்ட பொருள்களுக்கு ‘வைட்டமின்’ என்று பெயர் வைத்தார்.

நம் நீலகிரி மாவட்டத்துக் குன்னூரிலும் 1918-ல் ராபர்ட் மெக்காரிசன் என்ற மருத்துவர் பெரிபெரி ஆய்வைத் தொடங்கினார். அவர் தீட்டிய அரிசி கொடுத்துப் பார்த்தது புறாக்களுக்கு. அந்தக் குன்னூர் ஆய்வுக்கூடம் வளர்ந்து, 1958-ல் ஐதராபாத்துக்கு மாறி, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது.

தவிட்டில் இருந்த அந்தப் பொருள் வைட்டமின் பி1. ஈஸ்ட்டிலும் அது ஏராளம். ‘தவிடுதான் தாராளமாகப் போடுகிறோமே, பிறகு ஏன் கால் துவளுகிறது?’ என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி.

தவிட்டில் பி1 நிறைய, ஆனால் பி2 குறைவு. பி2-க்கு ரைபோஃபிளேவின் என்று பெயர். ஒரு கிலோ குஞ்சுத் தீவனத்தில் அது 3.6 மில்லிகிராம் இருக்க வேண்டும். தவிடு, குறுணை, தேங்காய்ப் பிண்ணாக்கு மூன்றையும் கலந்தால் அதில் பாதிக்குப் பக்கமாகத்தான் தேறும். பி2 குறைந்தால் காலுக்குப் போகும் நரம்பு வீங்கி, இரண்டாவது மூன்றாவது வாரத்தில் விரல்கள் உள்பக்கமாகச் சுருளும். பூதப்பாண்டியில் நான் பார்த்தது அதுதான். பி1 குறைவு வேறு மாதிரி. குஞ்சு தலையைப் பின்பக்கமாக இழுத்துக்கொண்டு வானத்தைப் பார்த்து உட்காரும்.

ஒரு கிலோ உலர்ந்த ஈஸ்ட்டில் பி2 ஏறக்குறைய 35 மில்லிகிராம் இருக்கிறது. 100 கிலோ தீவனத்தில் 3 கிலோ ஈஸ்ட் சேர்த்தால், கிலோவுக்கு 1 மில்லிகிராம் கூடும். இது நல்ல துணை. ஆனால் சிட்டிகை ஈஸ்ட்டில் கிடைப்பது கணக்கிலேயே வராது. வைட்டமின் கலவை சேர்த்த தீவனம் வாங்குகிறவர்களுக்கு இந்தக் குறை அநேகமாக வராது. அவர்கள் வைட்டமினுக்காகத் தனியே ஈஸ்ட் வாங்க வேண்டியதில்லை.

ஈஸ்ட்டில் இல்லாதவற்றையும் தெரிந்துகொள்ளுங்கள். அதில் பி12 கிடையாது. அதற்கு மீன்தூள் வேண்டும். சுண்ணாம்புச்சத்து குறைவு. மெத்தியோனைன் என்ற புரதக்கூறும் குறைவு. வெயில்பட்ட ஈஸ்ட்டில் வைட்டமின் டி2 உண்டாகும். அதைக் கோழியின் உடம்பு சரியாகப் பயன்படுத்துவதில்லை. அதற்கு வேண்டியது டி3. வெயிலில் குஞ்சுகளைக் கொஞ்ச நேரம் மேயவிட்டால் அது காசில்லாமல் கிடைக்கும்.

குடலுக்குக் காவல்

இனி இரண்டாவது உதவி. ஈஸ்ட் செல்லின் மேல்தோல் மன்னான் என்ற ஒருவகைச் சர்க்கரைச் சங்கிலியால் ஆனது. கழிச்சல் உண்டாக்கும் ஈ.கோலை, சால்மோனெல்லா போன்ற கிருமிகள் குடல் சுவரில் ஒட்டிக்கொள்ளத் தேடுவதும் இதே சர்க்கரையைத்தான். தீனியில் ஈஸ்ட் தோல் இருந்தால் அந்தக் கிருமிகள் பல அதைப் பிடித்துக்கொண்டு எச்சத்தோடு வெளியே போய்விடும்.

தீவனத்தில் வளர்ச்சிக்காக ஆன்டிபயாட்டிக் மருந்து கலப்பதை ஐரோப்பிய நாடுகள் 2006 ஜனவரியோடு நிறுத்தின. நம் நாட்டில் 2019-ல் கோலிஸ்டின் என்ற மருந்தை உணவுக்கு வளர்க்கும் பிராணிகளுக்குக் கொடுக்கத் தடை வந்தது. இப்படி மருந்து குறையக் குறைய, ஈஸ்ட்டின் பக்கம் எல்லாருடைய கவனமும் திரும்பியது. பல நாடுகளில் சோதனை நடந்தது. சிலவற்றில் குஞ்சின் எடை கூடியது; சிலவற்றில் வித்தியாசமே தெரியவில்லை. பொதுவாக, அழுக்கும் நெருக்கடியும் உள்ள கொட்டிலில் பலன் தெரியும். சுத்தமான கொட்டிலில், நல்ல தீனியோடு வளரும் குஞ்சுக்குப் பெரிய மாற்றம் தெரியாது.

இதற்கு விற்கும் உயிருள்ள ஈஸ்ட்டில் ஒரு கிராமில் ஆயிரம் கோடிக்கு மேல் செல்கள் இருக்கும். ஆகவே 100 கிலோ தீவனத்துக்கு 100 கிராம் போதும். உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க, வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சிட்டிகை சர்க்கரையும் அரை ஸ்பூன் ஈஸ்ட்டும் போட்டு வையுங்கள். பத்து, பதினைந்து நிமிடத்தில் நுரைத்தால் உயிர் இருக்கிறது. கொதிநீரில் போட்டாலும், சூடான கஞ்சியில் கலந்தாலும் செத்துவிடும்.

ஆக, கடைக்குப் போகுமுன் உங்களுக்கு எது வேண்டும் என்று முடிவு செய்யுங்கள். உணவாக வேண்டுமானால் தீவனத்துக்கென்று விற்கும் உலர்ந்த ஈஸ்ட். 100 கிலோவுக்கு 2 முதல் 3 கிலோ. குடலுக்குக் காவலாக வேண்டுமானால் உயிருள்ள ஈஸ்ட். 100 கிலோவுக்கு 100 கிராம். ஒன்றின் அளவை இன்னொன்றுக்குப் போட்டால் காசோ பலனோ வீணாகும். உலர்ந்த ஈஸ்ட்டும் 5 கிலோவைத் தாண்ட வேண்டாம். எச்சம் நீர்த்துப்போகலாம், செலவும் கட்டாது.

நம் வீட்டுச் சரக்கில் ஒரு கலவை

இப்போது அதே தவிட்டையும் பிண்ணாக்கையும் வைத்து 10 கிலோ குஞ்சுத் தீவனம் கலப்போம்.

உடைத்த மக்காச்சோளம் 4 கிலோ 900 கிராம். இதில் பாதிவரை குறுணை அரிசியாக இருக்கலாம்.
சலித்த நயம் தவிடு 1 கிலோ 200 கிராம்.
தேங்காய்ப் பிண்ணாக்கு 800 கிராம்.
கடலைப் பிண்ணாக்கு 1 கிலோ 600 கிராம்.
உப்பில்லாமல் காயவைத்த மீன்தூள் 1 கிலோ.
உலர்ந்த ஈஸ்ட் 300 கிராம்.
தாது உப்புக் கலவை 200 கிராம்.
சாப்பாட்டு உப்பு 25 கிராம்.
வைட்டமின் கலவை, பொட்டலத்தில் போட்டிருக்கும் அளவு.

இதில் புரதம் ஏறக்குறைய 20 சதவீதம், நார் 5 சதவீதம். தவிடும் தேங்காய்ப் பிண்ணாக்கும் சேர்ந்து 2 கிலோ இருக்கின்றன. உங்கள் வீட்டுச் சரக்கை யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்குரிய இடத்தில் வைக்கச் சொல்கிறோம்.

மூன்று எச்சரிக்கைகள். முதலாவது, உப்பு. குளச்சல், முட்டம் பக்கம் கிடைக்கும் கருவாட்டில் உப்பு ஏறியிருந்தால் குஞ்சுக்கு அது விஷம். நாக்கில் வைத்துப் பாருங்கள். கரித்தால் வேண்டாம்.

இரண்டாவது, பூஞ்சாணம். நமக்கு இரண்டு பருவமழையும் உண்டு. தேங்காய்ப் பிண்ணாக்கும் கடலைப் பிண்ணாக்கும் ஈரம் பட்டால் பச்சை பூத்துவிடும். அதில் உண்டாகும் அஃப்ளடாக்சின் நஞ்சு குஞ்சின் ஈரலைக் கெடுக்கும். ஈஸ்ட் போட்டால் நஞ்சு போய்விடும் என்று சிலர் சொல்வார்கள். அதை நம்பிக் கெட்ட பிண்ணாக்கை வைக்காதீர்கள். பிண்ணாக்கைத் தரையில் போடாமல் பலகை மேல் வையுங்கள். மணம் மாறினால் உரக்குழிக்குப் போகட்டும்.

மூன்றாவது, காலில் தெரியும் எல்லாக் கோளாறும் தீனிக் கோளாறு அல்ல. வெள்ளைக் கழிச்சல் வந்தாலும் கால் இழுக்கும், கழுத்து திருகும். முதல் வாரத்திலேயே அதற்குரிய தடுப்பு மருந்தைக் கண்ணில் ஒரு சொட்டு போட்டிருக்க வேண்டும். சந்தேகம் வந்தால் பக்கத்துக் கால்நடை மருந்தகத்துக்கு இரண்டு குஞ்சுகளைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். விரல் சுருண்டது பி2 குறைவால் என்று தெரிந்தால், ஆரம்பத்திலேயே தண்ணீரில் பி-காம்ப்ளக்ஸ் கொடுத்துக் காப்பாற்றலாம். நாள் கடந்து நரம்பு கெட்டுவிட்டால் மருந்து கொடுத்தும் பயனில்லை.

கலப்பதற்கு நேரமில்லாதவர்கள் முதல் நான்கு வாரத்துக்கு மட்டும் நல்ல குஞ்சுத் தீவனம் விலைக்கு வாங்கலாம். ஒரு நாட்டுக்கோழிக் குஞ்சு நான்கு வாரத்தில் அரைக் கிலோவை ஒட்டித்தான் தின்னும். ஐம்பது குஞ்சுக்கு 25 முதல் 30 கிலோ போதும். எட்டு வாரம் தாண்டியதும் தவிட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, நூற்றுக்கு இருபது வரை கொண்டுபோகலாம். அப்போது அரைவைப்பையும் குருட்டுக்குடலும் வளர்ந்திருக்கும். ஒரேயடியாக மாற்றாமல், பழைய தீனியோடு புதியதைக் கலந்து ஒரு வாரத்தில் மாற்றுங்கள்.

நீங்களே சோதித்துப் பாருங்கள்

யார் சொன்னாலும், நான் சொன்னாலும், அப்படியே எல்லாக் குஞ்சுக்கும் போட்டுவிடாதீர்கள். ஒரே நாள் பொரித்த குஞ்சுகளில் பத்தைத் தனியாக, இன்னொரு பத்தைத் தனியாக விடுங்கள். இரண்டுக்கும் ஒரே தீனி. ஒன்றுக்கு மட்டும் ஈஸ்ட். தீனியை நிறுத்துப் போட்டுக் குறித்து வையுங்கள். நான்காம் வாரம் பத்துப் பத்தாகக் கூடையில் வைத்து எடை போடுங்கள். ஒரு கிலோ எடை கூட எத்தனை ரூபாய் தீனி ஆனது என்று இரண்டுக்கும் கணக்குப் பாருங்கள். ஈஸ்ட் போட்ட பக்கம் செலவு குறைந்தால் தொடருங்கள். இல்லையென்றால் அந்தக் காசுக்கு மீன்தூள் வாங்குங்கள்.

பூதப்பாண்டி அம்மா அடுத்த தடவை இப்படித்தான் செய்தார். நான் போய்க் கூடவே நின்று தவிட்டைச் சலித்துக் காட்டினேன். ஐந்து கிலோவில் ஒன்றரைக் கிலோ உமி நின்றது. அவர் அதைச் சொளவில் அள்ளிப் பார்த்துவிட்டு, “இதையா சார் அதுகளுக்குத் தின்னக் குடுத்தேன்?” என்றார். அந்த ஈட்டில் நாற்பத்தாறு குஞ்சு நின்றது. ஈஸ்ட் போட்ட பத்துக்கும் போடாத பத்துக்கும் எடையில் வந்த வித்தியாசம் கொஞ்சந்தான். தவிட்டைச் சலித்ததிலும் மீன்தூள் சேர்த்ததிலும் வந்த வித்தியாசத்தைத் தராசு இல்லாமலே பார்க்க முடிந்தது. ஒரு குஞ்சுக்குக்கூட விரல் சுருளவில்லை.

சுருக்கமாகச் சொன்னால், குஞ்சுக்கு ஈஸ்ட் தொடுகறி மாதிரி. சோறு சரியாக இருந்தால் தொடுகறி ருசிக்கும், உடம்பிலும் ஒட்டும். இலையில் உமியைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் எத்தனை தொடுகறி வைத்து என்ன பயன்?

தவிட்டைச் சலியுங்கள். அளவறிந்து போடுங்கள். சந்தேகம் இருந்தால் எங்கள் அலுவலரை நிறுத்தி முழுதாகக் கேளுங்கள். வண்டியில் ஏறிக்கொண்டே பதில் சொன்னால் விடாதீர்கள்.